சால்வென்ட் பிளாண்ட்டில் தினசரி பாதுகாப்பு ரவுண்ட்: எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

ஷிப்ட் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, நாற்பது வரி செக்லிஸ்ட் முழுக்க ஒரே பேனாவில், ஒரே சாய்வில் டிக் விழுந்திருக்கும். கேன்டீனில் டீ ஆறுவதற்குள் முடிந்த ரவுண்ட் அது என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். ஹெக்சேன், டொலுவீன், அசிட்டோன், மெத்தனால் என்று எளிதில் தீப்பற்றும் சால்வென்ட் (கரைப்பான்) ஏதாவது ஒன்று புழங்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்த யாருக்கும் இது புதிதல்ல. மருந்து மூலப்பொருள் கம்பெனி, பெயிண்ட் கம்பெனி, தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்கும் பிளாண்ட், எல்லா இடத்திலும் இதே கதைதான். டிக் போடுகிறவர் சோம்பேறி என்பதும் காரணமல்ல. தினமும் எதற்காகச் சுற்றி வருகிறோம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நான் சொல்லித் தருவது இப்படி: ஃபிளேம்புரூஃப் (உள்ளே வெடித்தாலும் வெளியே தீ பரவவிடாத) மோட்டாரைத் திறந்து பார்ப்பது, எர்த் பிட்டை மீட்டர் வைத்து அளப்பது, இதெல்லாம் எலக்ட்ரிக்கல் ஆட்கள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய விரிவான பரிசோதனை. அந்த இடைவெளி சாதாரணமாக மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது என்கிறது சர்வதேசத் தரநிலை, நம் பிளாண்ட்டின் உப்புக் காற்றுக்கும் அமில ஆவிக்கும் அதைவிடச் சீக்கிரமே செய்ய வேண்டியிருக்கும். அது சாதனம் பழுதாவதைப் பிடிப்பதற்கு. தினசரி ரவுண்ட் வேறு. நேற்று இதே நேரத்திலிருந்து இன்று வரை மனிதர்கள் எதை மாற்றினார்கள், எதைக் கொண்டுவந்து வைத்தார்கள், எதைக் கழற்றிவிட்டு மாட்ட மறந்தார்கள் என்று பிடிப்பதற்கு. இதை மனதில் வைத்துக்கொண்டு சுற்றினால் நாற்பது வரியில் பாதி வரி தேவையே இல்லை என்று தெரியும், மீதிப் பாதி எவ்வளவு முக்கியம் என்றும் தெரியும்.

காலடி எடுத்து வைப்பதற்கு முன்

இன்றைக்கு எந்த பேட்ச் ஓடுகிறது, அதில் என்ன சால்வென்ட் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் பாயின்ட் என்பது திரவத்தின் மேல் தீப்பற்றும் அளவுக்கு ஆவி சேரும் குறைந்தபட்சச் சூடு. ஹெக்சேனின் ஃபிளாஷ் பாயின்ட் மைனஸ் 22 டிகிரி, அசிட்டோனுக்கு மைனஸ் 20 பக்கம், டொலுவீனுக்கு 4, மெத்தனாலுக்கு 11. நம் ஊரில் மார்கழி விடியற்காலையில்கூட இவையெல்லாம் அந்த அளவுக்கு மேலேதான் இருக்கும், அதாவது மூடி திறந்திருந்தாலே மேலே எரியக்கூடிய ஆவி இருக்கிறது என்று அர்த்தம். சைலீன் மட்டும் கொஞ்சம் ஏமாற்றும், அதன் ஃபிளாஷ் பாயின்ட் 27 டிகிரி சுற்றி வரும், காலையில் சும்மா இருந்த டிரம் மதியம் வெயில் ஏறியதும் குணம் மாறிவிடும். அதனால் சைலீன் புழங்கும் இடத்தைக் காலையில் ஒருமுறை, மதியம் இரண்டு மணிக்கு ஒருமுறை பார்ப்பதுதான் நியாயம்.

அடுத்து எல்.இ.எல். என்கிற கீழ் எல்லை. ஹெக்சேன் ஆவி காற்றில் 1.1 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறி கிடைத்தால் வெடிக்கும், மெத்தனாலுக்கு 6 சதவீதம் வேண்டும். இரண்டும் ஒரே பிளாண்ட்டில் இருந்தால் எதைப் பார்த்து அதிகம் பயப்பட வேண்டும் என்று இந்த எண்ணே சொல்லிவிடும்.

எந்த இடத்தில் எவ்வளவு அபாயம் என்று பகுதி பிரித்துக் காட்டும் சோன் வரைபடத்தின் நகல் ஒன்று கையில் இருக்கட்டும். வெடிக்கும் கலவை எப்போதும், அல்லது நெடுநேரம், இருக்கும் இடம் சோன் 0, டேங்க்கின் உட்புறம் மாதிரி. வழக்கமான வேலையின்போதே அவ்வப்போது வரக்கூடிய இடம் சோன் 1, மேன்ஹோலைச் சுற்றி, டிரம் ஊற்றும் இடம். வராது, வந்தாலும் கொஞ்ச நேரம்தான் என்பது சோன் 2. பல பிளாண்ட்டில் இந்த வரைபடம் மேனேஜர் அறை பீரோவில் உறங்கும். லேமினேட் செய்து கன்ட்ரோல் ரூம் சுவரில் மாட்டச் சொல்லுங்கள், புதிதாக ஒரு பம்ப் வைத்தால் அதில் பேனாவால் குறித்துவிடுங்கள்.

முந்தைய ஷிப்ட் ஆளிடம் மூன்று கேள்வி மட்டும் போதும். எங்கே கசிந்தது, எதைத் திறந்தீர்கள், எதை பைபாஸ் செய்தீர்கள். "ஒண்ணும் இல்ல சார், எல்லாம் நார்மல்" என்றால் லாக் புக்கைத் திறந்து அவர் முன்னாலேயே ஒவ்வொரு பதிவாகக் கேளுங்கள், நார்மல் என்பது கொஞ்ச நேரத்தில் விவரமாக மாறும்.

கேஸ் டிடெக்டரை நம்புவதற்கு முன் அதையே சோதியுங்கள்

கையடக்க டிடெக்டர் ஆன் ஆகிப் பச்சை விளக்கு எரிந்தால் வேலை செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பேட்டரி இருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய, தெரிந்த அளவுள்ள சோதனை வாயுவைச் சில நொடி காட்டி, எண் ஏறுகிறதா, அலாரம் அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு பம்ப் (bump) டெஸ்ட் என்று பெயர், தினமும் எடுத்துப் போவதற்கு முன் செய்ய வேண்டியது. கேலிப்ரேஷன் சான்றிதழ் டப்பாவில் ஒட்டியிருக்கிறது என்பது இதற்கு மாற்று அல்ல.

பெரும்பாலான எல்.இ.எல். சென்சார்கள் உள்ளே ஒரு சின்ன மணியில் வாயுவை எரித்து, அந்தச் சூட்டை அளந்து, ஆவி அந்தக் கீழ் எல்லையில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று எண் காட்டுபவை. இதில் மூன்று சூட்சுமம் இருக்கிறது. சிலிக்கான் கலந்த ஸ்பிரே, சீலன்ட், பாலிஷ் எதுவும் அருகில் அடித்தால் அந்த மணி விஷம் ஏறிச் செத்துப் போகும், ஆனால் டிஸ்பிளே எப்போதும் போல அழகாக 0 காட்டிக்கொண்டே இருக்கும். எரிய ஆக்ஸிஜன் வேண்டும் என்பதால், நைட்ரஜன் போர்த்திய டேங்க்குக்குள் விட்டால் வரும் எண் எதற்கும் உதவாது. அப்புறம் மீத்தேனை வைத்து கேலிப்ரேட் செய்த கருவி ஹெக்சேனைப் பாதியளவாகவே காட்டலாம், திரையில் 10 என்றால் உண்மையில் 20 இருக்கலாம். உங்கள் கருவி எதை வைத்து கேலிப்ரேட் ஆனது, உங்கள் சால்வென்ட்டுக்கு எந்த எண்ணால் பெருக்க வேண்டும் என்று அதன் கையேட்டில் அட்டவணை இருக்கும், அதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கருவியின் பையில் வைத்துவிடுங்கள்.

ஜீரோ செய்வது மெயின் கேட் பக்கம், சுத்தமான காற்றில். டிரம் யார்டுக்குப் பக்கத்தில் நின்று ஜீரோ செய்தால் அங்கிருக்கும் ஆவியே கருவிக்குச் "சுத்தமான காற்று" ஆகிவிடும்.

மூக்கை நம்ப வேண்டாம். பத்து நிமிடம் டொலுவீன் வாசனையில் நின்றால் வாசனையே இல்லை என்று மூளை சொல்லிவிடும், அங்கேயே எட்டு மணி நேரம் இருக்கும் ஆபரேட்டரிடம் "வாசனை வருதா" என்று கேட்பதில் பொருளே இல்லை. வெளியிலிருந்து உள்ளே வரும் முதல் நிமிடத்தில் மூக்கு சொல்வதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

நடக்கும் வழி

விண்ட்சாக் (காற்றின் திசை காட்டும் துணிக்குழாய்) எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்து, காற்று வரும் திசையிலிருந்து உள்ளே நுழையுங்கள். முதலில் தாழ்வான இடங்கள். இந்த ஆவிகளில் பெரும்பாலானவை காற்றைவிடக் கனம், ஹெக்சேன் ஆவி கிட்டத்தட்ட மூன்று மடங்கு. தண்ணீர் போலத்தான், பள்ளம் எங்கே என்று தேடிக்கொண்டு போகும். கேபிள் டிரெஞ்ச், வடிகால், பம்ப் பிட், எடைமேடைக்கு அடியில் உள்ள குழி, டைக் சுவருக்கு (கசிந்தது வெளியே ஓடாமல் டேங்க்கைச் சுற்றிக் கட்டிய தடுப்புக்கு) உட்பக்க மூலை. டிடெக்டரை நெஞ்சில் மாட்டிக்கொண்டு நடந்தால் கணுக்கால் உயரத்தில் நிற்கும் ஆவி தெரியாது, குனிந்து கீழே காட்டுங்கள், குழாய் வைத்து உறிஞ்சும் வகை என்றால் காற்று வந்து சேரும்வரை காத்திருங்கள்.

2009 அக்டோபர் 29 அன்று ஜெய்ப்பூர் சீதாபுராவில் பெட்ரோல் டெப்போ எரிந்தது நினைவிருக்கும். ஒரு மணி நேரத்துக்கும் மேல் பெட்ரோல் கொட்டி, ஆவி வளாகம் முழுக்கப் பரவி, அப்புறம்தான் வெடித்தது. கசியும் இடத்துக்கும் பற்றும் இடத்துக்கும் தூரம் இருக்கலாம் என்பதால்தான் வடிகாலைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

கசிவு வரும் இடங்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான்: பம்ப்பின் மெக்கானிக்கல் சீல், சைட் கிளாஸ், சாம்பிள் எடுக்கும் வால்வு, அடிக்கடி கழற்றி மாட்டும் ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டுச் சேர்க்கும் விளிம்பு), ஹோஸ் இணைப்பு. இதில் ஒன்றுக்கு மட்டும் தனியாக நில்லுங்கள். வடிகட்டும் வால்வின் முனையில் பிளக் அல்லது பிளைண்ட் இருக்கிறதா? வால்வு மூடியிருக்கிறதே போதும் என்பார்கள். கைப்பிடியில் யாராவது இடித்தால் திறந்துவிடும் பால் (ball) வால்வுக்கு அந்த பிளக்தான் இரண்டாவது பூட்டு.

மழை பெய்த மறுநாள் என்றால் டைக் வால்வை நேரில் போய்ப் பாருங்கள். தேங்கிய தண்ணீரை வெளியே விடத் திறப்பார்கள், மூட மறந்துவிடுவார்கள், அதற்கப்புறம் டேங்க் கசிந்தால் டைக் சுவர் வெறும் அலங்காரம். டேங்க் மூச்சு விடும் வென்ட்டில், வெளித் தீ உள்ளே போகாமல் தடுக்கும் ஃபிளேம் அரெஸ்டரில் குளவி கூடு கட்டும், கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் வென்ட் அடைத்தால் பம்ப் இழுக்கும்போது டேங்க் உள்வாங்கி நசுங்கும். அடைப்பு எடுக்கிறேன் என்று அரெஸ்டரின் உள் தகட்டையே கழற்றி வீசியவர்களும் உண்டு. கீழிருந்து பார்த்தால் அது இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது, மெயின்டனன்ஸ் பதிவையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டால் காற்று இழுக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். பெல்ட் அறுந்து மோட்டார் மட்டும் சும்மா சுற்றுவது சகஜம். ஒரு துண்டுக் காகிதத்தை கிரில்லில் பிடித்துப் பாருங்கள், ஒட்டிக்கொண்டால் சரி.

மின்சாதனங்கள்: திறக்காமல் பார்ப்பது

ஃபிளேம்புரூஃப் என்றால் உள்ளே வாயு போகாது என்று நினைக்கிறவர்கள் சூப்பர்வைசர்களிலேயே நிறையப் பேர். வாயு உள்ளே போகும், உள்ளே வெடிக்கவும் செய்யும். அந்தப் பெட்டி வெடிப்பைத் தாங்கும், வெளியே வரும் சூடான வாயு ஃபிளாஞ்ச் முகங்களுக்கு நடுவே உள்ள மிக மெல்லிய இடுக்கு வழியாக வரும்போது குளிர்ந்துவிடும், வெளியில் இருக்கும் ஆவி பற்றாது. மொத்தத் தத்துவமும் அந்த இடுக்கில்தான் இருக்கிறது. எட்டு போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு இருந்தால் அது சாதாரண இரும்புப் பெட்டி. போல்ட் தொலைந்துவிட்டது என்று கிடைத்த வேறு ரக போல்ட்டை முறுக்கியிருந்தாலும் அப்படித்தான்.

ஆகவே ரவுண்டில் எண்ண வேண்டியது போல்ட். பிறகு, பயன்படுத்தாத கேபிள் துளையில் சான்றிதழ் உள்ள பிளக் இருக்கிறதா அல்லது எம்-சீல், மரத்துண்டு, இன்சுலேஷன் டேப் என்று எதையாவது வைத்து அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கிளாண்டிலிருந்து (கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) கேபிள் வெளியே வந்து தொங்குகிறதா, விளக்கின் கண்ணாடியில் விரிசல் இருக்கிறதா, மழைக்கு நல்லது என்று யாராவது ஃபிளாஞ்ச் இணைப்பில் இறுகிப்போகும் சிலிக்கானைப் பூசியிருக்கிறார்களா? இன்னொன்று பலர் கவனிப்பதில்லை: ஃபிளாஞ்ச் இணைப்பை ஒட்டி ஏதாவது பிராக்கெட், பைப், சுவர் நெருக்கிக்கொண்டு நிற்கிறதா. சாதனம் எந்த ரக வாயுவுக்கு ஏற்றது என்று சொல்வது கேஸ் குரூப், அதில் 2ஏ-க்கு 10 மில்லிமீட்டர், 2பி-க்கு 30, 2சி-க்கு 40 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். புதிதாக ஒரு பைப் இழுத்த வாரம் இதைக் கட்டாயம் பாருங்கள்.

நேம் பிளேட்டில் பெயிண்ட் அடித்திருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தகட்டில்தான் கேஸ் குரூப்பும் டி வகுப்பும் இருக்கிறது. டி3 என்றால் மேற்பரப்புச் சூடு 200 டிகிரியைத் தாண்டாது, டி4 என்றால் 135. ஹெக்சேன் சுமார் 225 டிகிரியில் தானாகவே பற்றும், அங்கே டி2 விளக்கு, அதாவது 300 டிகிரி வரை போகலாம் என்பது, இருக்கவே கூடாது. இந்தியாவில் பெட்ரோலிய ரகப் பொருள் உள்ள அபாயப் பகுதிகளுக்கு நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோவின் (மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) அனுமதி பெற்ற சாதனம்தான் வைக்கலாம். தகடே படிக்க முடியாவிட்டால் அதை எப்படி நிரூபிப்பது?

எதையும் திறக்காதீர்கள். மின்சாரம் இருக்கும்போது ஃபிளேம்புரூஃப் பெட்டியை "சும்மா ஒரு பார்வை" பார்க்கத் திறப்பதைவிட அதைப் பார்க்காமலே விடுவது நல்லது.

இதெல்லாம் நிலையான சாதனம், அவ்வளவு சீக்கிரம் மாறாது. நான் முதலில் சொன்ன "நேற்று இல்லாதது" விஷயம் இங்கேதான் கொட்டிக் கிடக்கும். ஏப்ரல் மே மாதத்தில் புழுக்கம் தாங்காமல், ரியாக்டருக்குள் பொருள் கொட்டும் சார்ஜிங் பகுதிக்கு இழுத்து வந்த பெடஸ்டல் ஃபேன். அதற்காகச் சுவரோரமாக வந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். பேனலுக்குப் பின்னால் செருகிய செல்போன் சார்ஜர். சாதாரண எலக்ட்ரானிக் தராசு, ஏனென்றால் பழைய தராசு ரிப்பேருக்குப் போயிருக்கிறது. சிசிடிவி ஆட்கள் வந்து மாட்டிவிட்டுப் போன கேமரா. நைட் ஷிப்டில் கொசு பேட். கொசு பேட் தீப்பொறி உண்டாக்குவதற்கென்றே செய்த சாதனம், அதை ரியாக்டர் பக்கத்தில் பார்த்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் அதைக் கொண்டுவந்தவரைத் திட்டுவதில் பயனில்லை, கொசு கடிப்பது உண்மை. பிளாண்ட்டைச் சுற்றித் தேங்கும் தண்ணீரை எடுத்தால், ஓய்வறைக்கு வலை அடித்தால் பேட் தானாக வீட்டுக்குப் போகும். ஃபேனும் அப்படித்தான், காற்றோட்டம் சரியில்லை என்று அந்த ஃபேன் உங்களுக்குச் சொல்கிறது.

ஸ்டாட்டிக்: கண்ணுக்குத் தெரியாத தீக்குச்சி

ஹெக்சேன் ஆவியும் காற்றும் சரியான அளவில் கலந்திருந்தால் கால் மில்லிஜூல் ஆற்றல் போதும் பற்றுவதற்கு. உங்கள் விரலில் "சுரீர்" என்று ஸ்டாட்டிக் (உரசலில் சேரும் நிலைமின்சாரம்) அடித்து நீங்கள் உணர்ந்தீர்கள் என்றால், அந்தப் பொறி பெரும்பாலும் அதற்கு மேலேயே இருந்திருக்கும். "லேசா ஷாக் அடிச்சுது" என்று யாராவது சொன்னால் அதை ஒரு சம்பவமாகவே பதிவு செய்யுங்கள்.

டிரம்மிலிருந்து சால்வென்ட் ஊற்றும் இடத்தில் ஐந்து நிமிடம் நின்று, ஒரு டிரம் முழுக்க எப்படி ஊற்றுகிறார்கள் என்று பாருங்கள். எர்த் கிளாம்ப் எங்கே கடித்திருக்கிறது? பெயிண்ட்டின் மேல் கடித்திருந்தால் அது எர்த் அல்ல. கிளாம்ப்பின் பல் கூர்மையாக இருந்து, பெயிண்ட்டைக் கீறி உலோகத்தைத் தொட வேண்டும். வரிசையும் முக்கியம்: கிளாம்ப் மாட்டிய பிறகு மூடி திறக்க வேண்டும், மூடி போட்ட பிறகு கிளாம்ப் எடுக்க வேண்டும். அவசரத்தில் இது தலைகீழாக நடக்கும், குறிப்பாக ஷிப்ட் முடியும் நேரத்தில்.

நடுவில் ஒரு பிளாஸ்டிக் புனல் இருந்து அதன்மேல் ஒரு இரும்பு வலை இருந்தால், அந்த வலை எர்த் இல்லாமல் தனியாக நிற்கிறது, அதில் சார்ஜ் சேரும். நைலான் கயிற்றில் கட்டி இறக்கும் உலோக சாம்பிள் பாத்திரத்துக்கும் இதே கதை. உயரத்திலிருந்து கொட்டாமல் டிப் பைப் வழியாக அடிவரை இறக்கி ஊற்ற வேண்டும், பைப்பின் முனை மூழ்கும்வரை வேகம் நொடிக்கு 1 மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

பிளாண்ட்டில் எனக்கு மிகவும் பயம் தரும் காட்சி ஒன்று உண்டு. ரியாக்டரில் சால்வென்ட் இருக்கிறது, மேன்ஹோல் திறந்திருக்கிறது, ஒருவர் பாலித்தீன் உறை போட்ட மூட்டையைத் தூக்கி பவுடரைக் கொட்டுகிறார், கடைசியில் மிச்சம் ஒட்டியிருப்பதை விழ வைக்கப் பையை நன்றாக உதறுகிறார். பவுடர் பையை உரசி இறங்கும்போதே சார்ஜ் ஏறுகிறது, உதறும்போது இன்னும், கீழே ஆவி தயாராக இருக்கிறது. முதலில் பவுடர், பிறகு மூடிய வழியில் சால்வென்ட் என்று வரிசையை மாற்றலாம், நைட்ரஜன் விட்டு ஆக்ஸிஜனைக் குறைக்கலாம், மூடிய சார்ஜிங் ஹாப்பர் வைக்கலாம். இதெல்லாம் ஒரு நாள் ரவுண்டில் ஆகிற காரியமில்லை. ஆனால் ரவுண்டில் பார்த்ததை எழுதிக் கொடுக்காமல் ஹாப்பர் எந்தக் காலத்திலும் வராது.

ஃபிளாஞ்சின் இரண்டு பக்கத்தையும் மின்சார ரீதியாக இணைக்கும் ஜம்பர்களில் பாதி, பெயிண்ட் அடிக்கும்போது கழற்றி மாட்டாமல் விட்டவையாக இருக்கும். ஷூவின் அடியைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், ரெசின் அப்பியிருந்தால் ஆன்டிஸ்டாட்டிக் ஷூ வெறும் ஷூ. செருப்போடு வருகிற காண்ட்ராக்ட் ஆள், பாலியஸ்டர் சட்டை, இவற்றை கேட்டிலேயே நிறுத்துவது நல்லது, உள்ளே வந்த பிறகு சண்டைதான் மிஞ்சும். கடற்கரைப் பக்கத்துப் பிளாண்ட்டில் ஈரக்காற்று கொஞ்சம் காப்பாற்றும், ஆனால் ஏசி போட்ட பேக்கிங் அறையில் அந்தச் சலுகை கிடையாது.

சுவருக்கு வெளியிலிருந்து வரும் நெருப்பு

2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் ஆவி மேகம் வெடித்து 15 பேர் இறந்தார்கள். அதைப் பற்ற வைத்தது பெரும்பாலும் அருகில் இன்ஜின் ஓடிக்கொண்டே நின்ற ஒரு டீசல் பிக்கப் வண்டி என்று விசாரணையில் சொன்னார்கள். டேங்கர் லாரி இறக்க வந்தால் இன்ஜின் நின்றிருக்கிறதா, சக்கரத்துக்குக் கட்டை வைத்திருக்கிறதா, எர்த் மாட்டியதா, டிரைவர் கேபினில் ஸ்டவ் வைத்துச் சமைக்கிறாரா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது விளையாட்டுக்கு இல்லை, நீண்ட தூரம் வரும் வண்டிகளில் ஸ்டவ் இருக்கும். சாதாரண ஃபோர்க்லிஃப்ட் எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தால், டயர் தடம் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்தாலே போதும், யாரையும் கேட்க வேண்டாம்.

ஆயுத பூஜை நாள் தனி. மோட்டாருக்கும் பேனலுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பதில் ஒரு பிரச்சினையும் இல்லை, கற்பூரமும் ஊதுபத்தியும்தான் பிரச்சினை. பூஜையை கேட் அருகிலோ அலுவலகக் கட்டடத்திலோ வைத்துக்கொண்டு, பிளாண்ட்டுக்குள் பூவும் பொட்டும் மட்டும் என்று ஒரு வாரம் முன்பே பேசி முடித்துவிடுங்கள். அன்று காலை போய்த் தடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்டாலும் மனஸ்தாபம். தீபாவளிக்கு ராக்கெட் சுவர் தாண்டி வரும், பக்கத்து வயலில் தாள் எரிப்பார்கள், அந்த வாரங்களில் டிரம் யார்டில் காய்ந்த புல்லை வெட்டி அகற்றுவது ரவுண்டின் ஒரு பகுதி.

ஹாட் ஒர்க் பெர்மிட்டை மேசையில் அல்ல, இடத்தில் பாருங்கள்

ஹாட் ஒர்க் என்பது வெல்டிங், கிரைண்டிங் போலத் தீயோ பொறியோ வரும் வேலை, அதற்கான அனுமதிச் சீட்டுதான் பெர்மிட். பெர்மிட்டில் கேஸ் டெஸ்ட் காலை 9 மணிக்கு, வெல்டிங் மதியம் 2 மணிக்கு என்றால் அந்த டெஸ்ட் செல்லாது, மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். கிரைண்டிங் பொறி பத்து மீட்டருக்கு மேல் பறக்கும், மேல் தளத்தில் வேலை என்றால் கீழ்த் தளத்தில் என்ன இருக்கிறது என்று இறங்கிப் பார்க்க வேண்டும். வடிகால் மூடிகளுக்கு ஈரச் சாக்கு போட்டிருக்கிறதா, சாக்கு இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறதா? வேலை முடிந்த பிறகும் ஒருவர் குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் அங்கேயே நிற்க வேண்டும். சாப்பாட்டு நேரத்துக்கு முன் முடியும் வேலைகளில்தான் இது தவறும்.

காலி டிரம்மைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். நிறைந்த டிரம்மைவிடக் காலி டிரம் மோசம், ஏனென்றால் உள்ளே திரவம் போய் ஆவியும் காற்றும் கலந்த இடம் மட்டும் மிச்சமிருக்கிறது. அதைக் குப்பைத் தொட்டியாக்க, தண்ணீர்த் தொட்டியாக்க, ஸ்டாண்டாக்க என்று கேஸ் கட்டரில் வெட்டி உயிர் விட்டவர்கள் இந்த நாட்டில் ஏராளம். எரியும் பொருள் இருந்த கலனைச் சுத்தம் செய்யாமல் வெல்டிங், கட்டிங் கூடாது என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவிலேயே எழுதிவைத்தார்கள். ரவுண்டில் காலி டிரம்களை எண்ணுங்கள், மூடி போட்டிருக்கிறதா என்று பாருங்கள், ஸ்கிராப் யார்டில் பாதி வெட்டிய டிரம் கிடந்தால் யார் வெட்டினார்கள் என்று அன்றே விசாரியுங்கள்.

தூசி உள்ள இடம் என்றால்

ஸ்டார்ச், சர்க்கரை, மாவு, கந்தகம், மருந்துப் பவுடர், இவையும் வெடிக்கும். சேலம் பக்கம் மரவள்ளி ஸ்டார்ச் உலர்த்தும் ஆலைகளில் இருப்பவர்கள் இதைத் தங்களுக்கானதாகவே படிக்கலாம். பார்க்க வேண்டியது தரையை அல்ல, தலைக்கு மேலே. பீம், கேபிள் டிரே, டக்ட்டின் முதுகு. விரலால் பெயர் எழுதும் அளவுக்குத் தூசி இருந்தால் அன்றே வேக்குவம் போட வேண்டும், கம்ப்ரஸர் காற்றால் ஊதக் கூடாது. ஊதினால் படிந்திருந்தது மேகமாகும். 2008 பிப்ரவரி 7 அன்று ஜார்ஜியாவின் போர்ட் வென்ட்வொர்த் சர்க்கரை ஆலையில் 14 பேர் இறந்த வெடிப்பு, அதற்குக் கொஞ்ச காலம் முன்பு தகடு போட்டு மூடிய ஒரு கன்வேயருக்குள் தொடங்கியது. சர்க்கரையில் அழுக்கு விழக் கூடாது என்று நல்ல எண்ணத்தில்தான் மூடினார்கள், உள்ளே தூசி வெடிக்கும் அளவுக்குச் சேர்ந்துவிட்டது. பேரிங் சூடு, பெல்ட் ஒரு பக்கம் உரசுவது, இரண்டையும் தூசி பிளாண்ட்டில் தினமும் பாருங்கள்.

எண் ஏறினால்

டிடெக்டர் 10 சதவீத எல்.இ.எல். காட்டினால் அந்தப் பகுதியில் வேலையை நிறுத்தி, கசிவைத் தேட வேண்டும். 20-ஐத் தாண்டினால் தேடுவதையும் நிறுத்தி, எல்லாரையும் காற்றுக்கு எதிர்த்திசையில் வெளியேற்ற வேண்டும். உங்கள் பிளாண்ட்டின் விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் சரி. அந்த நேரத்தில் கை தானாக சுவிட்சுக்குப் போகும். எந்த சுவிட்சையும் போடாதீர்கள், அணைக்கவும் அணைக்காதீர்கள், சாதாரண சுவிட்ச் அணையும்போதும் பொறி வரும். மின்சாரத்தை ஆபத்துப் பகுதிக்கு வெளியே உள்ள சப்ஸ்டேஷனிலிருந்துதான் துண்டிக்க வேண்டும், அங்கே யாருக்கு போன் செய்வது என்ற எண் கேட் செக்யூரிட்டியிடம் இருக்க வேண்டும்.

எழுதுவது

"ஓகே" என்று எழுதாதீர்கள். "பி-104 பம்ப் சீல், தரைமட்டத்தில் 4 சதவீதம், காலை 6.40, ஆபரேட்டருக்குச் சொன்னேன், டேக் போட்டேன்" என்று எழுதுங்கள். நாளை வருகிறவர் அதே இடத்தில் 7 பார்த்தால் சீல் போய்க்கொண்டிருக்கிறது என்று புரிந்துகொள்வார், "ஓகே"க்கு அடுத்து "ஓகே" பார்த்தால் ஒன்றும் புரியாது. 0 என்றாலும் 0 என்று எழுதுங்கள்.

ஒரே குறை மூன்றாவது நாளும் வந்தால் புத்தகத்தில் எழுதுவதோடு நிறுத்தாமல் மெயின்டனன்ஸ் தலைவரை அந்த இடத்துக்கே கூட்டிப் போங்கள், மின்னஞ்சலைவிட இது வேகமாக வேலை செய்யும். படம் எடுக்க வேண்டும் என்றால் சொந்த செல்போனை எடுக்காதீர்கள், அந்த சோனுக்கு அனுமதி உள்ள கேமரா வேண்டும், இல்லாவிட்டால் பெர்மிட் போட்டு எடுங்கள். செல்போனோடு உள்ளே வந்து செல்போன் தடை பற்றிப் பேசும் சேஃப்டி ஆபீசரை ஆபரேட்டர்கள் ஒரு நாளில் எடை போட்டுவிடுவார்கள்.

வாரத்தில் ஒரு நாள் வழியைத் தலைகீழாக மாற்றி நடங்கள், இன்னொரு நாள் எலக்ட்ரீஷியனைக் கூட்டிப் போங்கள், மாதத்தில் ஒரு நாளாவது நைட் ஷிப்டில் இரண்டு மணிக்குப் போங்கள். செக்லிஸ்ட்டையும் மாதம் ஒருமுறை திருத்துங்கள். எடுத்துவிட்ட பம்ப்பின் பெயர் இன்னும் அதில் இருந்து, அதற்கு நேராகத் தினமும் டிக் விழுந்துகொண்டிருந்தால், அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டே ஷிப்ட் ஆட்களிடம் பேச்சைத் தொடங்கலாம்.